பள்ளிக்குக் குறைந்த செலவில் கணினிப் பயிற்சி: தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வளரும் நாடுகளின் பள்ளிகளில் இந்தக் காட்சி அடிக்கடி கண்ணில் படும். கதவின் மேல் 'கணினி ஆய்வகம்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே பூட்டு தொங்கும். சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கும். உள்ளே துணி போர்த்திய பத்துக் கணினிகளில் நான்கு ஓடினால் அதிகம். நன்கொடை கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பணம் இல்லாமல் இப்படி ஆவதில்லை. வாங்கி வைத்த பிறகு என்ன என்று யாரும் கணக்குப் போடாததால் ஆகிறது. ஒரே ஒரு பள்ளி, 10 கணினி, கொஞ்சம் பணம் என்ற அளவில் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்னாள் மாணவர்களாக இருக்கலாம், சிறு தொண்டு அமைப்பாக இருக்கலாம், அந்தப் பள்ளியின் ஆசிரியராகவே இருக்கலாம். கணினி இந்த வரிசையில் மூன்றாவதாகத்தான் வரும். அவசரப்பட வேண்டாம்.

முதல் படி: கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்

பள்ளிக்குப் போனதும் அறையைப் பார்க்காதீர்கள், கால அட்டவணையைப் பாருங்கள். ஆறு வகுப்புகள், வகுப்புக்கு 40 பேர், ஆக 240 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 10 கணினியில் ஒன்றுக்கு இருவர் உட்கார்ந்தால் ஒரே நேரத்தில் 20 பேர், அதாவது வகுப்பில் பாதி. வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்கினால் மொத்தம் 12 பாடவேளை போகும். ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். ஆண்டில் 30 வாரம் ஒழுங்காக நடந்தால் 20 மணி நேரம். பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருப்பதால் விசைப்பலகை கையில் இருப்பது அதில் பாதி: 10 மணி நேரம்.

ஓர் ஆண்டு முழுக்கப் பத்தே மணி நேரம்! திட்டம் தீட்டுகிற எல்லாரும் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து மணியில் என்னென்ன கற்பிக்க முடியும் என்று கேட்டால் பாதிப் பேராசை தானே அடங்கிவிடும். மீதிக்கு ஒரு வழி இருக்கிறது. பள்ளி முடிந்தபின் தினமும் ஒரு மணி நேரம் அறையைத் திறந்து வையுங்கள். 20 இருக்கை, ஐந்து நாள், வாரத்துக்கு 100 இருக்கை மணி. 240 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 25 நிமிடம் கூடுகிறது. ஒரு கணினிகூடப் புதிதாக வாங்காமல் கிடைத்த நேரம் இது.

தலைமையாசிரியரிடம் மூன்று கேள்விகள். சாவி யாரிடம் இருக்கும்? மின் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? பொறுப்பேற்கும் இரண்டு ஆசிரியர்கள் யார்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம். வராவிட்டால் வேறு பள்ளியைப் பாருங்கள். கொஞ்சம் கடுமையாகத் தோன்றும். பூட்டிய அறையைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

இரண்டாம் படி: மின்சாரமும் அறையும்

வயரிங் சோதனைக்கு முறையான மின்பணியாளரை அழையுங்கள். முதலில் பார்க்கச் சொல்ல வேண்டியது எர்த். பழைய பள்ளிக் கட்டடங்களில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் கம்பி எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. கணினிப் பெட்டியைத் தொட்டால் கை சுள்ளென்று இழுக்கும். ஒரு பிள்ளைக்கு ஒருமுறை அப்படி ஆனால் போதும், ஊரே அந்த அறையைப் பார்த்துப் பயப்படும்.

அடுத்தது மின் அளவு. பழைய மேசைக்கணினியும் திரையும் சேர்ந்து 100 வாட் அளவுக்கு எடுக்கும். மடிக்கணினி 30 வாட்டில் ஓடிவிடும். பத்து மேசைக்கணினி ஐந்து மணி நேரம் ஓடினால் 5 யூனிட், பத்து மடிக்கணினி ஓடினால் ஒன்றரை யூனிட். அதோடு மடிக்கணினியின் பேட்டரி பாதி செத்திருந்தால்கூட மின்வெட்டின்போது பத்து இருபது நிமிடம் தாங்கும். பிள்ளைகள் வேலையைச் சேமித்துவிட்டு முறையாக அணைக்க அது போதும். தனியாக யூபிஎஸ் வாங்கும் செலவு மிச்சம். மின்சாரம் நம்ப முடியாத இடத்தில் மேசைக்கணினியை இலவசமாகக் கொடுத்தாலும் நான் தயங்குவேன்.

மின் இணைப்பே இல்லாவிட்டால் சூரிய ஒளி. மடிக்கணினிகள் 300 வாட், விசிறி, விளக்கு, ரவுட்டர் சேர்த்து 150 வாட், ஆக 450 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 2.25 யூனிட். நல்ல வெயில் உள்ள பகுதியில் ஒரு நாளில் நான்கரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது என்று கொள்ளுங்கள். தூசு, வெப்பம், கம்பி, இன்வெர்ட்டர் ஆகியவற்றில் 30 சதவீதம் வீணாகும். ஒரு கிலோவாட் பலகையிலிருந்து நாளுக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். தேவைக்குப் போக மேகமூட்ட நாளுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். பேட்டரி ஈய அமில வகை என்றால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது. 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு வைத்தால் பயன்படுத்தத் தக்கது 1.8 யூனிட், அதாவது வெயிலே இல்லாமல் நான்கு மணி நேரம். பலகையை வாரம் ஒருமுறை துடைக்கும் பொறுப்பு யாருக்கு என்று அன்றைக்கே பேர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

அறைக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கூரை ஒழுகக் கூடாது, ஜன்னலில் கம்பி இருக்க வேண்டும், வாசலில் செருப்பு கழற்ற ஓர் இடம். மேசைகளைச் சுவரோரமாகப் போட்டுத் திரைகள் நடு அறையைப் பார்க்கும்படி வையுங்கள். ஆசிரியர் நடுவில் நின்றால் எல்லாத் திரையும் தெரியும், கம்பியும் யார் காலிலும் மாட்டாது.

மூன்றாம் படி: கணினிகள்

மலிவாகக் கிடைக்க மூன்று வழிகள் உண்டு. அலுவலகங்கள் கழித்த, பழுதுநீக்கிய மடிக்கணினிகள் முதல் வழி. இதற்கு இப்போது நல்ல காலம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத, மற்றபடி நன்றாக ஓடுகிற இயந்திரங்களை நிறுவனங்கள் கூட்டங்கூட்டமாகக் கழிக்கின்றன. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

வாங்கும்போது எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும். இதை நான் பத்துத் தடவை சொல்வேன். ஒரே மாடல் என்றால் சார்ஜர் மாறலாம், விசைப்பலகை மாறலாம், செத்த ஒன்றைப் பிரித்து மற்ற மூன்றை எழுப்பலாம். பத்து வேண்டும் என்றால் பன்னிரண்டு வாங்குங்கள், இரண்டு உதிரிக்கு. 64 பிட் செயலியும் குறைந்தது 4 ஜிபி ராமும் அவசியம். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைச் சிறியதாகப் போடுங்கள். பழைய கணினியில் செய்யும் எல்லாச் செலவிலும் இதுதான் காசுக்கேற்ற பலன் தருவது. நன்கொடையாளரின் தரவை முழுக்க அழிப்பதும் உங்கள் பொறுப்புதான்.

ஓடாததை அன்போடு மறுத்துவிடுங்கள். 'பழுது பார்த்துக்கொள்ளலாம்' என்று அனுப்பப்படும் பெட்டிகளில் பாதி உங்கள் தலையில் கட்டப்படும் குப்பை. நாட்டு எல்லை தாண்டி வருவதென்றால் சட்டமும் உண்டு. ஆபத்தான கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் திருத்தப்படி 2025 ஜனவரி 1 முதல் மின்குப்பை எதுவானாலும், ஆபத்தானதோ இல்லையோ, பெறும் நாட்டின் முன் ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாது. ஓடுகிறது என்பதற்கான சோதனைச் சான்று பெட்டியோடு வர வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாம் வழி ராஸ்பெரி பை போன்ற சிறு பலகைக் கணினி. 2012இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே வந்தது. மிகக் குறைந்த மின்சாரம், மின்னணுச் சோதனைகளுக்கு அருமை. ஆனால் திரை, விசைப்பலகை, மின்வழங்கி எல்லாம் தனித்தனியாக வாங்கி முடிக்கும்போது விலை மடிக்கணினியை நெருங்கிவிடும். திடீரென்று மின்சாரம் போனால் மெமரி கார்டில் உள்ளது கெட்டுப்போவது இதன் தீராத நோய். பிரதி எடுத்த கார்டுகள் சில எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

மூன்றாம் வழி, ஒரு நல்ல கணினியைச் சர்வராக வைத்து மற்ற பழைய பெட்டிகளை அதிலிருந்து ஓட்டுவது. எல்டிஎஸ்பி என்ற இலவச மென்பொருள் 1999 முதல் இதைச் செய்கிறது. பராமரிப்பு ஒரே இடத்தில் முடியும். சர்வர் படுத்தால் வகுப்பும் படுத்துவிடும். நெட்வொர்க் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

டேப்லெட் வேண்டுமா என்று கேட்பார்கள். படிக்க, காணொளி பார்க்க நல்லது. தட்டச்சும் நிரல் எழுதுவதும் அதில் கைவராது.

நான்காம் படி: மென்பொருள்

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய இயந்திரத்தில் இலகுவாக ஓடும். பள்ளிக்கென்றே டெபியன் எடு என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. 2001இல் நார்வேயில் ஸ்கோலேலினக்ஸ் என்ற பெயரில் பிறந்தது. 'வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே?' என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோப்பைச் சேமிப்பது, பத்தி பிரிப்பது, விரிதாளில் கூட்டுவது எல்லாம் எந்த நிரலிலும் ஒன்றுதான், பொத்தான் இருக்கும் இடம் மாறும் என்று விளக்குங்கள். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்பிக்கின்றன என்பதையும் சொல்லலாம்.

ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்யுங்கள். கடிதத்துக்கும் விரிதாளுக்கும் லிப்ரே ஆபிஸ், நிரல் எழுதப் பழக ஸ்கிராட்ச், சிறு பிள்ளைகளுக்குக் கற்றல் விளையாட்டுகள் கொண்ட ஜிகாம்ப்ரி, படம் வரைய டக்ஸ் பெயிண்ட், தாய்மொழி விசைப்பலகை. தாய்மொழியில் தட்டச்சு முதல் நாளே வேலை செய்ய வேண்டும்; தன் பெயரைத் தன் எழுத்தில் திரையில் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்துவிட்டால் இதை ஒருபோதும் தள்ளிப்போட மாட்டீர்கள். பிறகு க்ளோன்சில்லா என்ற இலவச நகலெடுப்பு மென்பொருளால் அந்தக் கணினியை நகலெடுத்து மற்ற ஒன்பதிலும் ஏற்றுங்கள். நகலைப் பென் டிரைவில் போட்டு அலமாரியில் வையுங்கள். எந்தக் கணினி குழம்பினாலும் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். 'தொடாதே, கெட்டுப்போகும்' என்று ஆசிரியர் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

ஐந்தாம் படி: இணையம் இல்லாத இணையம்

மாதாமாதம் கட்டணம் கட்டும் இணையம் இரண்டாம் ஆண்டில் நின்றுபோவது வழக்கம். உதிரிக்கு வாங்கிய இரண்டில் ஒரு மடிக்கணினியைச் சர்வராக்கி ஒரு சாதாரண ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். இணையம் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைக்கலாம். ஆங்கிலப் பதிப்பு படங்களோடு 100 ஜிபி அளவுக்கு வரும், மற்ற பெரும்பாலான மொழிகள் அதைவிட மிகச் சிறியவை. பாடக் காணொளிகளுக்கும் பயிற்சிகளுக்கும் கோலிப்ரி என்ற மென்பொருள். எந்தப் பிள்ளை எதுவரை முடித்தது என்பதையும் அது ஆசிரியருக்குக் காட்டும். இறக்குவதை நகரத்தில் நல்ல இணைப்புள்ள இடத்தில் முடித்துக்கொண்டு போங்கள்.

ஆறாம் படி: ஆசிரியர்

எல்லாத் திட்டமும் பிழைப்பதும் சாவதும் இங்கேதான்.

2005இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டி '100 டாலர் மடிக்கணினி'யை அறிவித்தார். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்துவிட்டால் கற்றல் தானாக நடக்கும் என்பது நம்பிக்கை. பெரு நாடுதான் அதிகமாக வாங்கியது, எட்டு லட்சத்துக்கும் மேல். அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டது. திட்டம் போன பள்ளிகளில் மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி எண்ணிக்கை 1.18 ஆகியிருந்தது. பிள்ளைகள் கணினியை அதிகம் பயன்படுத்தவும் செய்தார்கள். கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் நல்ல பலன் இருந்தது.

1999இல் டெல்லியில் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் சுவரில் துளையிட்டு ஒரு கணினியை வைத்தார், தெருப் பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமலே அதை ஓட்டக் கற்றார்கள். அதுவும் உண்மை. ஓட்டக் கற்பது ஒன்று, அதைக் கொண்டு எதையாவது கற்பது வேறு. இரண்டாவதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஒருவராக இருக்கக் கூடாது, இருவர் வேண்டும். இடமாற்றம், பிரசவ விடுப்பு, தேர்வுப் பணி என்று ஏதாவது வரும், ஒருவரை நம்பிய அறை மறுநாளே பூட்டப்படும். ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. கணித, அறிவியல் ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. ஆர்வமுள்ள மொழி ஆசிரியர் பல நேரம் அவர்களை மிஞ்சுவார், ஏனென்றால் பிள்ளைகளுக்குப் புரிகிற வார்த்தையில் பேசுவார்.

ஐந்து நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சி அடுத்த மாதத்துக்குள் ஆவியாகிவிடும். முதலில் இரண்டு நாள், அந்தப் பள்ளியிலேயே, அவர்கள் பயன்படுத்தப்போகும் அதே கணினியில். பிறகு ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு மணி நேரம். அப்புறம் மாதம் ஒருமுறை யாராவது வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாளில் பாடத்திட்டம் பேசாதீர்கள். ஆசிரியரின் சொந்த வேலையை எளிதாக்குங்கள்: மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், வருகைக் கணக்கு. தன் வேலையில் ஒரு மணி நேரம் மிச்சமான ஆசிரியர் மறுநாள் தானே அறையைத் திறப்பார்.

அவர்களுடைய பயத்தை லேசாக எடுக்காதீர்கள். இருபது ஆண்டு மரியாதையோடு பாடம் நடத்தியவர், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னைவிட வேகமாக மவுசை நகர்த்துவதைப் பார்த்துச் சங்கடப்படுவார். 'இது எனக்கும் தெரியாது, சேர்ந்து கண்டுபிடிப்போம்' என்று வகுப்பில் சொல்லப் பழக்குவது பயிற்சியின் ஒரு பகுதி.

ஏழாம் படி: என்ன கற்பிப்பது

வகுப்பில் பாதிப் பேர் கணினியில் இருக்கும்போது மீதிப் பேர் என்ன செய்வார்கள்? நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் கூட்டாளிகளும் 1990களில் உருவாக்கிய கணினியற்ற கணினிப் பாடம் இங்கே கைகொடுக்கும். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி 16, 8, 4, 2, 1 என்று அட்டைகள் கொடுங்கள். அட்டையைக் காட்டினால் எண்ணப்படும், திருப்பினால் இல்லை. 0 முதல் 31 வரை எந்த எண்ணைச் சொன்னாலும் அவர்கள் காட்டிவிடுவார்கள். இரும எண் முறை முடிந்தது, செலவு ஐந்து அட்டை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சந்திக்கும் இருவரில் சிறிய எண் இடமும் பெரிய எண் வலமுமாக நடக்கவைத்தால் வரிசைப்படுத்தும் படிமுறை கால்வழியே மண்டைக்குப் போகும்.

கணினி முன் முதல் ஆண்டுக்குத் தட்டச்சு, கோப்புகளைக் கையாளுதல், ஒரு பக்கக் கடிதம் போதும். விரிதாளைப் பொய்யான எண்களால் கற்பிக்காதீர்கள். பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி வைத்துப் பிள்ளைகளே அளந்து பதியட்டும், மூன்று மாதத்தில் வரைபடம் தானே பேசும். இரண்டாம் ஆண்டில் ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2007இல் வெளிவந்தது. இணையம் இல்லாமலும் ஓடும், பல மொழிகளில் கிடைக்கிறது.

இருவர் உட்காரும் கணினியில் ஒருவர் இயக்குவார், மற்றவர் வழி சொல்வார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் கைதட்டினால் இடம் மாற வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் சுட்டியானவன் மவுசைப் பிடித்தால் விடவே மாட்டான். கலப்பு வகுப்பில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் வேடிக்கை பார்த்தபடியே ஆண்டைக் கழித்துவிடுவார்கள்.

எட்டாம் படி: பராமரிப்பு

ஒவ்வொரு கணினிக்கும் எண் ஒட்டுங்கள். ஒரு நோட்டில் தேதி, கணினி எண், என்ன பழுது, யார் பார்த்தார், என்ன செய்தார். மேல்வகுப்பு மாணவர் ஆறு பேரை, ஆண் பெண் சரிபாதியாக, பழுதுபார்க்கும் குழுவாக்குங்கள். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, விசிறித் தூசு எடுப்பது, நகலை மீண்டும் ஏற்றுவது ஆகிய மூன்றும் தெரிந்தால் அன்றாடப் பழுதுகளில் பெரும்பாலானவை பள்ளிக்குள்ளேயே தீரும். உதிரிப் பெட்டியில் மவுஸ் நான்கு, சார்ஜர் மூன்று, விசைப்பலகை இரண்டு, எஸ்எஸ்டி ஒன்று. மவுஸ்தான் முதலில் சாகும்.

ஒன்பதாம் படி: பணத்தைப் பிரிப்பது

ஐந்தாண்டுக்கான மொத்தப் பணத்தை 100 பங்காகக் கொண்டால் என் பிரிப்பு இப்படி: கணினிகளுக்கு 30, மின்சாரம் மற்றும் அறைக்கு 20, ஆசிரியர் பயிற்சிக்கும் வருகைக்கும் 25, உதிரிக்கும் பழுதுக்கும் 20, கடைசியில் செத்த பேட்டரியையும் கணினியையும் முறையான மறுசுழற்சிக்கு அனுப்ப 5. நன்கொடையாளர்கள் முதல் 30க்கு மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள், மற்றதற்கு முகம் சுளிப்பார்கள். கணினிக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டால் பத்துக்குப் பதில் ஆறு வாங்கிக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள், கட்ட முடியாதவர்தான் முதலில் விலகுவார். மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தி அந்தக் கட்டணத்தை உதிரிக் கணக்கில் சேர்க்கலாம்.

பத்தாம் படி: நடக்கிறதா என்று பார்ப்பது

மாதம் ஒருமுறை இரண்டு எண்கள் போதும்: அறை எத்தனை மணி நேரம் திறந்திருந்தது, எத்தனை கணினி ஓடுகிறது. பருவத்துக்கு ஒருமுறை, குலுக்கலில் எடுத்த பத்துப் பிள்ளைகளிடம் ஒரு சிறு வேலை கொடுங்கள். புதிய கோப்புறை உருவாக்கி, நான்கு வரி எழுதி, அதில் சேமித்து, மூடி, மறுபடி திறந்து காட்ட வேண்டும். யாரும் உதவக் கூடாது. ஏழு பேருக்குக் கீழே செய்தால் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பழையதற்குத் திரும்புங்கள்.

முதல் ஆண்டு முடியும்வரை இரண்டாவது பள்ளியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதன்பிறகு ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள். அறை திறந்திருக்கிறதா, பழுது நோட்டில் போன வாரத் தேதி இருக்கிறதா, சாவி கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்டவர் எடுத்துத் தருகிறார்களா? மூன்றும் சரியென்றால் அந்தப் பள்ளியின் இரண்டு ஆசிரியர்களையும் பழுதுக் குழுவையும் அழைத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கால அட்டவணை கேட்கப் போகலாம்.